கேட்கப்படாத ஐந்தாவது ஏன்

மீன்முள் படத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். தரத்தை உயர்த்தும் திட்டம் என்று இன்றைக்கும் எங்கேயாவது அதை வரைகிறார்கள். தலையில் பிரச்சினை, முள்ளுக்கு ஒரு காரணம். படத்தின் மேல் என்ன குற்றம், சொல்லுங்கள்? வரைகிறவர்கள் பாதியில் நிறுத்தினால் அது என்ன செய்யும்?

நானும் அக்காவும் மஹய்யாவையிலிருந்து பஸ் ஏறி, வத்தேகமப் பக்கம் ஒரு காமண்ட் தையல் ஆலைக்கு வேலைக்குப் போனோம். அப்பா இல்லாத வீடு. எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. இருவரும் ஒரே லைனில் சட்டைக்குக் கொலர் தைத்தோம். கொஞ்ச காலமாக அக்காவுக்குக் கிட்ட இருப்பதெல்லாம் மங்கலாகிக்கொண்டு வந்தது. பக்கத்து மெஷின் பெண்கள் சுப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பும்போது அவளுக்கு நூல் கோர்த்துக் கொடுப்பார்கள். அவர்களுக்கு நேரமில்லாதபோது அவளே தடவித் தடவிக் கோர்ப்பாள், அது தப்பாகிவிடும். கண்ணாடி வாங்கு என்று நான் சண்டை பிடித்தேன்.

"போடி லூசு, கண்ணாடியோட போனா மெஷின்ல உக்கார விடுவாங்களா?" என்றாள்.

அதில் பொய்யில்லை. கண்ணாடி போட்டு வந்த ஒருத்தியை நூல் வெட்டும் மேசைக்கு மாற்றி, பிறகு வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள்.

தையல் விட்ட கொலர்கள் மூட்டையாகத் திரும்பி வந்தன. கொழும்பிலிருந்து தர அதிகாரியாக ஒரு மிஸ் வந்தார். எங்களோடு தமிழில் பேசினார். நல்ல மனுஷி, அதையும் சொல்லத்தான் வேண்டும். மெஷினுக்கு ஒரு தாள் தொங்கவிட்டார். பழுதாகும் ஒவ்வொரு கொலருக்கும் தைத்தவளே அதில் ஒரு கோடு போட வேண்டும். பிறகு கோடுகளைக் கூட்டி, மெஷினுக்கு ஒரு கட்டமாகச் சுவரில் படம் போடுவார்களாம். உயரமான கட்டத்தை முதலில் பிடித்தால் பெரும்பாலான பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார்.

உயரமான கட்டம் யாருடையது என்று எங்களுக்குத் தெரியாதா? தேத்தண்ணி நேரத்தில் பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். கொழுந்து குறைந்தவளின் கூடையில் ஆளுக்கொரு கை அள்ளிப் போடும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

"அக்காவோட கோட்ட ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்குவோம் புள்ள. ஒருத்தி தலையில மட்டும் விழாட்டி யாரையும் தூக்க மாட்டாங்க."

அக்கா வேண்டாம் வேண்டாம் என்றாள். யார் கேட்டார்கள்? எல்லாரும் அவரவர் தாளில் அக்காவின் கோடுகளைப் பங்கு போட்டோம்.

படம் சுவரில் ஏறியது. எல்லாக் கட்டமும் ஒரே உயரம். மிஸ் குழம்பிப்போய் நின்றார். மேனேஜருக்குக் குழப்பமே இல்லை.

"அப்ப ஒரு ஆள் பிழை இல்ல, முழு லைனும் பிழை. மூடிட்டு புது ஆள் எடுப்பம்."

அடடா, என்ன கெட்டிக்காரத்தனம் பண்ணினோம்!

அக்கா எழுந்தாள். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை.

"சேர், அந்தக் கோடெல்லாம் என்னோடது. இவங்க எனக்காகப் போட்டாங்க."

மிஸ் பலகையில் மீன் வரைந்தார். துணி, இயந்திரம், முறை, வெளிச்சம், மனிதர் என்று முட்கள். ஏன் என்று ஐந்து தடவை கேட்டால் வேர் அகப்படும் என்று சொல்லிவிட்டு அக்காவிடம் கேட்டார். கொலர் ஏன் பழுது? தையல் விட்டது. ஏன் விட்டது? நூல் தப்பாகக் கோர்த்தது. ஏன்? கண் மங்கல். கண்ணாடி ஏன் போடவில்லை?

"பயம் மிஸ்."

ஏன் பயம் என்பதுதான் அடுத்த கேள்வி. மிஸ் வாயைத் திறந்தார்.

"போதும், காரணம் கிடைச்சிட்டு" என்றார் மேனேஜர்.

மிஸ் அவரைப் பார்த்தார். பிறகு 'மனிதர்' என்ற முள்ளைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டார். மற்ற முட்கள் வெறுமையாகவே கிடந்தன. லைன் தப்பியது. அக்காவை அன்றே கணக்கு முடித்து அனுப்பினார்கள். அந்த மேனேஜரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

மறுநாள் விடிய எழுந்து அக்கா எனக்குச் சோறு கட்டினாள். வேண்டாம் என்றாலும் கேட்காமல் பஸ் வரை கூடவே வந்தாள். பஸ் நின்றதும் எனக்கு முன்னால், பழக்கத்தில், காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டாள்.

"ஏறுங்க, ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

"நான் வரலைங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். "தங்கச்சி மட்டுந்தான்."