செவுள் தூக்கிப் பார்க்கும் அஞ்சுகம்

போனைக் கையில் வாங்கியதும் அஞ்சுகம் முதலில் கண்ணைத்தான் பார்ப்பாள். அந்தப் பக்கத்து ஆள் வணக்கம் சொன்னாலும் சிரித்தாலும் அதெல்லாம் அவளுக்கு அப்புறம். "கிட்ட கொண்டா. இன்னுங் கிட்ட. வெளிச்சத்துப் பக்கம் திரும்பு" என்பாள். குவைத்தில் இருந்தாலும் சரி, பாரீசில் இருந்தாலும் சரி, ஏலத்துக்கு வைத்த மீன் மாதிரி அசையாமல் முகத்தைக் காட்டவேண்டியதுதான்.

அவள் காரைக்கால்மேட்டு மீன்காரி. கோவில்பத்தில் எங்கள் தெருவுக்கு இருபது வருடமாக அலுமினிய அன்னக்கூடையில் மீன் கொண்டு வருகிறாள். சும்மாடு வைத்து வைத்து உச்சியில் முடி வட்டமாகத் தேய்ந்துவிட்டது. இடுப்பில் ஒரு சுருக்குப் பை, அதற்குள் வெற்றிலை, அதற்கும் அடியில் ஒரு பட்டன் போன். வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே பிள்ளை.

ஏலத்தில் மீன் எடுக்கும்போது செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். அஞ்சுகம் அந்தச் சிவப்பை விரலால் தேய்த்தும் பார்ப்பாள், சாயம் பூசியிருந்தால் ஒட்டுமாம். "கண்ணு உள்ள போயிருந்தா அது மூணு நாள் மீனுக்கா. வாய்க்குள்ள ஐஸ வச்சு எத்தினி மினுக்கினாலும் கண்ணு காட்டிக் குடுத்துரும்" என்று எனக்கே பாடம் சொல்லியிருக்கிறாள்.

ஊரடங்கு வந்ததும் படகுகள் கரையேறிவிட்டன. கூடையில் நெத்திலிக் கருவாடு மட்டும் வைத்துக்கொண்டு காலையில் ஒரு நடை வந்து போவாள். இலவசமாக முகக்கவசம் கொடுத்தவரை நிறுத்தி, "நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டாள். கையில் ஊற்றிய மருந்தை மோந்து பார்த்து, "தண்ணி கலந்திருக்கான்" என்றாள். போலீஸ்காரர் மேலும் சந்தேகம். "பத்து மணி வரைக்கும்னு சொல்லிட்டு ஒம்போதே முக்காலுக்கே வெரட்டுறான். அவன் வாட்ச்ச எவன் பாத்தான்?"

இந்தச் சந்தேகம் போனுக்குள் நுழைந்தது என் வீட்டு வாசலில்தான். என் மகள் ஆக்சிலியா குவைத்தில் நர்ஸ். பிரசவ வார்டில் போட்டிருக்கிறார்கள், கொரோனா நோயாளிகள் பக்கமே போவதில்லை என்று சொல்லியிருந்தாள். மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு நானும் நிம்மதியாக இருந்தேன். கோயில் அடைத்துக் கிடந்த குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் அவள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, கருவாடு கொடுக்க வந்த அஞ்சுகம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மூக்குத் தண்டுல என்ன பாப்பா செவப்பா? ரெண்டு கன்னத்துலயும் கோடு வேற."

"தூங்கி எந்திரிச்சேன் அத்தை. தலகாணி அழுத்தியிருக்கும்."

"தலகாணி ஒரு கன்னத்துலதான் கோடு போடும்."

ஆக்சிலியா முகக்கவசம் அழுத்திய தடத்தைக் கையால் மறைத்தாள். பிறகு, நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தும், "அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை" என்றாள். அன்று செபமாலையை நான் எத்தனை சுற்று உருட்டினேன் என்று எனக்கே நினைவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள். கமாலுதீன் பாயின் அண்ணன் பாரீசில் இருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டு காப்பி குடிக்கிற மாதிரி ஒரு படம் வந்தது, இப்போதுதான் எடுத்தது என்று அண்ணன் மகன் சொல்லியிருந்தான். அஞ்சுகம் பார்த்துவிட்டு, "பாய், அங்க இன்னும் விடியவே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? சன்னல்ல வெயிலு சுள்ளுனு அடிக்குதே" என்றாள். பாய் உடனே போன் போட்டுச் சத்தம் போட்டார். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருப்பது அப்போதுதான் வெளியே வந்தது. நல்லபடியாக ஒரு மாதத்தில் வீடு திரும்பினார்.

எப்போதும் சரியாகவே சொல்லிவிடுவாள் என்றும் இல்லை. உமாமகேஸ்வரியின் மகன் பெங்களூரில் இருக்கிறான். அவன் முடி வெட்டியிருப்பதைப் பார்த்து, "சலூன் எல்லாம் மூடிக் கெடக்கு, இவன் எங்கயோ வெளிய சுத்துறான்" என்று தீர்ப்புச் சொன்னாள். அந்தப் பையன் பின்னந்தலையைத் திருப்பிக் காட்டினான். எலி கடித்த வைக்கோல் மாதிரி இருந்தது. தானே வெட்டிக்கொண்டானாம். தெருவே சிரித்தது. அஞ்சுகம் மட்டும் சிரிக்காமல், "கத்திரியக் காட்டச் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு அவள் மேல் கொஞ்சம் வருத்தம்தான். அந்த நாளிலிருந்து ஆக்சிலியா பேசுவது என் காதில் ஏறுவதே இல்லை. கண் நேராக அவள் மூக்குக்குப் போய்விடுகிறது. "நீ பாக்காம இருந்திருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பேன் அஞ்சுகம்" என்று ஒருநாள் சொல்லியே விட்டேன்.

"நிம்மதியா இருந்து என்னக்கா பண்ணப் போறீங்க? தெரிஞ்சா மாதாகிட்ட சரியான வார்டு பேரச் சொல்லி வேண்டிக்கலாம்ல."

அவளுடைய மகன் நெடுமாறன் ஈரான் பக்கம் மீன்பிடி வேலைக்குப் போனவன். அங்கேயும் எல்லாம் நின்றுவிட்டது. படகு முதலாளியைக் கண்ணிலேயே காணோம், ஆறு பேரும் துறைமுகத்தில் கட்டிப்போட்ட படகிலேயே கிடக்கிறார்கள். ஆறு பேருக்கும் ஒரே போன். வாரம் ஒருமுறை அம்மாவின் பட்டன் போனுக்குக் கூப்பிடுவான். வெறும் குரல்தான். "கொரலுக்குச் செவுள் கெடையாதுக்கா, எத வச்சு நம்புறது?" என்று புலம்புவாள். அதனால் கேள்வியாகக் கேட்பாள். ஒருமுறை எங்கள் வாசலில் நின்றுதான் பேசினாள், போனை உரக்க வைத்து.

"என்னடா சாப்ட்ட?"

"மீன் கொழம்பும்மா."

"என்ன மீனு?"

"சங்கரா."

"படகு கடலுக்கே போவலங்கிற, சங்கரா ஏதுடா? பக்கத்துல யாரு இருமுறது?"

"யாரும் இருமல."

"நான் கேட்டனே. பொய் சொல்லாத."

"நான் சொல்றது எதையும் நீ நம்பப் போறதில்லன்னா நான் எதுக்கும்மா பேசணும்?" என்று வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அவள் கூப்பிட்டாலும் எடுப்பார் இல்லை. அஞ்சுகம் டவரைச் சந்தேகப்பட்டாள். போனைச் சந்தேகப்பட்டு, "ஒரு தடவ அடிச்சுப் பாருங்கக்கா, மணி அடிக்குதான்னு" என்று வீட்டுக்கு வீடு கேட்டாள். கூட இருக்கிற ஐந்து பேரில் எவனோ போனை ஒளித்து வைத்திருக்கிறான் என்றாள். மூன்றாவது வாரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எதுவும் விற்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சங்கராவ நான் கேட்டிருக்கக் கூடாதுக்கா" என்றாள். கொஞ்சம் கழித்து, "மாதாகிட்டயும் சொல்லி வைங்க. எங்க அம்மன்கிட்ட நான் சொல்லிட்டேன். யாரு காதுல மொதல்ல விழுதோ" என்றாள்.

யார் காதில் விழுந்ததோ தெரியாது. இருபத்திரண்டாவது நாள் காலை, அவள் நெத்திலி அள்ளிக்கொண்டிருக்கும்போது, என் போனில் வீடியோ அழைப்பு வந்தது. தெரியாத நம்பர். எதற்கும் இருக்கட்டும் என்று என் நம்பரை முன்பே மகனிடம் கொடுத்து வைத்திருந்தாள். எடுத்தால் நெடுமாறன்.

"பெரியம்மா, பக்கத்துப் படகுக்காரர் போன் இது. அம்மா இந்நேரம் உங்க வீட்டாண்டதான் இருக்கும்னு அடிச்சேன். கேள்வி கேக்காதுன்னா குடுங்க. கேட்டுச்சுன்னா வச்சிருவேன்."

திரும்பினேன். அவள் காதில் எல்லாம் விழுந்திருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். கருவாட்டுக் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து, பிறகு போனை வாங்கினாள். வழக்கம்போலக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

நானும் பார்த்தேன். தாடிக்குள் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. யாருடையதோ சட்டை. கழுத்துப் பட்டைக்குள் இன்னொரு கழுத்து போகும். கண் இரண்டும் நன்றாக உள்ளே போயிருந்தன.

"அம்மா, நல்லா இருக்கேன். வேளா வேளைக்குச் சோறு. படம் தெரியுதா?"

அஞ்சுகத்தின் வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல எழுந்தது. அவன் தாடைக்குக் கீழே, போன் கண்ணாடியைத் தொடாமல் ஒரு நூல் தள்ளி நின்றது.

"தெரியுதுப்பா" என்றாள். விரலை மடக்கினாள். போனை அப்படியே தூக்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"யம்மா, இது வீடியோ. காதுல வச்சா எனக்கு உன் காதுதான் தெரியும்."

"தெரியட்டும். நீ பேசு. என்ன சாப்ட்ட?"

"மீன் கொழம்பும்மா."

அவள் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"சரிப்பா" என்றாள், போனை இன்னும் அழுத்திக் காதோடு சேர்த்துக்கொண்டு.