பின்னால் ஒரு டிரம்

டிராக்டரின் முன்னால் பக்கெட் மாட்டிக் கனம் தூக்கும் தொழிலில் கனம் ஒரு தொல்லையே இல்லை; அதைத் தூக்கச் சொல்லிக்கொடுக்க வருகிற ஆட்கள்தான் தொல்லை. லோடர் ஓட்டிப் பிழைக்கும் சகபாடிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள். "இன்னும் கொஞ்சம் தூக்கு, இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டாத ஒரு மனிதனை இந்தத் திருவனந்தபுரத்தில் நான் பார்த்ததில்லை. நான் செங்கோட்டைக்காரன், பெயர் இசக்கிமுத்து. இங்கே செடி நர்சரி வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்காவின் டிராக்டரை ஒன்பது வருஷமாக ஓட்டுகிறேன்.

சாவி பறிபோன கதை

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். நர்சரிக்கு வந்த கருங்கல் பெஞ்சு ஒன்றை ஓரமாக நகர்த்த வேண்டும். தரையிலிருந்து ஒரு முழம் தூக்கினால் போதும். நான்கு பேர் பார்க்கிறார்களே என்று தலைக்கு மேலே தூக்கினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன், திமிர்தான். டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டும் மெதுவாக, மரியாதையாக, ஒரு சாண் மேலே எழுந்துவிட்டன. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கெட்டை அங்குலம் அங்குலமாக இறக்கினேன். சக்கரம் மண்ணைத் தொட்டது. நல்லவேளை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஸ்டெல்லா அக்கா பாறசாலைப் பக்கத்துக்காரர். கத்தவில்லை. சாவியை உருவிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். மூன்றாம் நாள் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், ஒரு இரும்பு டிரம் நிறைய கான்கிரீட் போட்டு, டிராக்டருக்குப் பின்னால் மாட்டக் கொக்கியும் வைத்திருந்தார். முன்னால் கனம் ஏறும்போது பின்பக்கம் எழும்பாமல் அது பிடித்துக்கொள்ளும். சாவியைக் காலையில் அவரிடம் வாங்க வேண்டும், சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போதே சட்டத்தையும் சொன்னார்: "இந்த டிரம்மு இல்லாம கனம் தூக்கினேன்னு தெரிஞ்சா, அண்ணைக்கு சாவி எனக்க கையில இருக்கும், நீ செங்கோட்ட பஸ்ஸில இருப்ப, கேட்டியா."

கோலத்துக்குள் ஒரு பாதை

கரமனை அக்ரகாரத்தில் ஒரு வீட்டுக் கொல்லைக்குக் கருங்கல் பலகைகள் கொண்டுபோக வேண்டும். இரண்டு நாள் வேலை. தெருவோ குறுகல், வாசலுக்கு வாசல் கோலம். பலகையை முழங்கால் உயரத்தில் வைத்து, நடக்கிற வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தேன். ஒரு மாமி இடுப்பில் கை வைத்துக் குறுக்கே நின்றுவிட்டார். "கல்லை இன்னும் உசத்திண்டு போயேன், கோலமெல்லாம் அழியறதே" என்றார். கோலத்தை அழிப்பது கல் இல்லை, சக்கரம்தான். கல்லை உயர்த்தினால் வண்டியே சாய்ந்துவிடும் என்று விளக்கினேன். மாமி என் சக்கரங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை போனால், அவர் வாசலில் வழக்கத்தைவிடப் பெரிய கோலம். நடுவில் தாமரை, இரண்டு ஓரத்திலும் சிக்குக்கோலம், இடையில் சக்கரத்தின் அகலத்துக்குச் சரியாக இரண்டு வெற்றுப் பட்டைகள். எனக்கு வந்த சந்தோஷத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே போய்ப் பார்த்தேன். யார் எனக்காக வழி விட்டிருக்கிறார்கள் இதுவரை? மாமி வாசற்படியிலிருந்து சொன்னார்: "உன் சக்கரத்தை அளந்துதான் விட்டிருக்கேன். அந்தப் பின்னாடி டிரம்மைத் தாமரை மேல தேய்ச்சியோ, நாளைக்கு நீதான் வந்து கோலம் போடணும்."

கல்லாற்று எடைக்கற்கள்

மலைப்பக்கம் கல்லாறு என்ற ஊரில், சசிச் சேட்டனின் சாயக்கடைக்கு, அதாவது டீக்கடைக்கு, பின்னால் சுற்றுலாக்காரர்கள் உட்கார ஒரு பாறையை நகர்த்திப் போட வேண்டியிருந்தது. பின்னால் டிரம் துருத்திக்கொண்டிருந்ததால் வேலிச் சந்தில் வண்டி திரும்பவில்லை. "டிரம்ம கழட்டு அண்ணாச்சி, நாங்க ஏழு பேர் பின்னால ஏறி நிக்காம், ஒரு குழப்பமும் இல்ல" என்றார் சேட்டன். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களோடு ஏழு பேரும் ஏறிவிட்டார்கள். ஒருவர் தன் எடையைக்கூடப் பெருமையாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ஒரு டூரிஸ்ட் பஸ் வந்து நின்றது. அடுத்த நொடி என் டிராக்டரில் ஒரு குஞ்சும் இல்லை. அவரவர் கடைக்கு ஓடிவிட்டார்கள். நான் டிரம்மைக் கழற்றி, அப்போது பாறையும் பக்கெட்டில் இருந்திருந்தால் என் கதி என்ன? பஸ் போன பிறகு சேட்டன் தானாகவே வந்து வேலியில் இரண்டு கம்பைப் பிடுங்கி வழி உண்டாக்கினார். என் கையில் ஒரு கிளாஸ் சாயாவைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீ சொன்னது சரியாணு அண்ணாச்சி. டிரம்முக்கு சாயக்கட இல்லல்லோ."

அக்காவின் வாசல்படி

போன மாதம் அக்கா புதுவீடு கட்டி முடித்தார். பத்து மணிக்குப் பிரதிஷ்டை ஜெபம். ஒன்பதே காலுக்குத்தான் வாசலுக்கான கருங்கல் படி லாரியில் வந்து இறங்கியது. அன்று கனம் தூக்கும் வேலை இல்லை என்று நான் கழற்றி வைத்த டிரம்மோ மூன்று கிலோமீட்டர் தள்ளி நர்சரியில் கிடந்தது. விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். அக்கா புதுப்புடவையோடு ஓடிவந்து, "இந்த ஒரு தடவ டிரம்மு இல்லாம தூக்கிப் போடுடே. பாஸ்டர் இப்ப வந்திருவாரு" என்றார்.

நான் இறங்கி, சாவியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தேன். "செங்கோட்ட பஸ் எத்தன மணிக்கின்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கக்கா" என்றேன். வாய்தான் சிரித்தது. ஒன்பது வருஷச் சோறு அந்தக் கையில் இருந்தது. அக்காவின் முகம் சிவந்தது. என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அதைச் சுற்றி ஓடி விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு சாவியை என் கையில் திணித்து, "போ, அந்தச் சனியனக் கொண்டுட்டு வா" என்றார்.

திரும்பி வர முக்கால் மணி ஆயிற்று. அதுவரை பாஸ்டரும் அத்தனை விருந்தாளிகளும் வெயிலில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்தச் சொல்லி, கல்லை முழங்கால் உயரத்தில் கொண்டுபோய், சத்தமில்லாமல் வாசலில் இறக்கினேன். ஒரே கைதட்டல். சாயங்காலம் வழக்கம்போல சாவியை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "எனக்க சட்டத்த எனக்கே திருப்பிப் போட்டவன் நீ ஒருத்தன்தான். இனி சாவிய இங்க கொண்டு தராண்டாம், ஒனக்க கையிலயே இருக்கட்டு."

முன்னால் எவ்வளவு தூக்குவாய் என்று கேட்க ஊரே வருகிறது, பின்னால் என்ன கட்டியிருக்கிறாய் என்று கேட்க இன்றுவரை ஒரு ஆள் வந்ததில்லை, சகபாடிகளே.