எதிரி வந்தால்தான் எதிர்ப்பு

1977 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. மூன்று நாளாய் விடாத மாரிமழையில் முற்றத்துச் சேறெல்லாம் இறங்கி, எங்கள் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி வுழூச் செய்யும் தொட்டியான 'ஹவுள்' தேத்தண்ணீர் நிறத்தில் தளும்பிக்கொண்டிருந்தது.

எனக்குப் பத்து வயது. நான்கு வருடமாக மூக்கு வற்றியதில்லை. மஞ்சளும் பச்சையுமாய்ச் சளி, நெற்றிக்குள் கல்லை வைத்தாற்போல் பாரம். கூரைத் தண்ணீர் இறங்கும் தகரத்தின் பெயரான "பீலி" என்பதையே கல்முனைத் தெருப் பையன்கள் எனக்கும் வைத்திருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை ஆசுப்பத்திரி டொக்டர் உம்மாவிடம் தெளிவாகத்தான் சொன்னார்: "பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் முத்தல்ல. பத்து நாளும் குளிசை குடுங்க. இடையில விட்டா சீழ் காதுக்குப் போகும். காதே கேளாமப் போயிரும்."

வெள்ளி காலை, மருதமுனையில் சாரன் துணிக்கடை வைத்திருந்த மாமா, உம்மாவின் மூத்த சகோதரர், வந்தார். அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை; அவர் படித்து அறிந்ததும் எதுவுமில்லை. என் மூக்கு சற்றுக் காய்ந்திருப்பதைக் கண்டதும் குளிசைகளைத் தூக்கி அலுமாரிக்கு மேல் போட்டார்.

"காக்கா, இன்னம் ஆறு நாள் இருக்கே" என்றார் உம்மா, தன் அண்ணனிடம்.

"உனக்கு விளங்கல்ல புள்ள. எதிரி வந்தாத்தானே எதிர்ப்பு வரும்? குளிசையால எதிரியெல்லாம் செத்துப் போனா, சக்தி யாரோட சண்ட புடிக்கும்?"

உம்மா சிரித்துவிட்டார். அத்தோடு வைத்தியம் மாறியது. மாமா என்னைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனார்.

வுழூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது எங்களுக்கு அன்றாடக் காரியம். சுத்தமான தண்ணீரில், மெதுவாகச் செய்தால் நல்லதும்கூட. மாமாவோ அந்தச் சேற்றுத் தண்ணீரில் எதிரிகளைத் தேடினார். என் பிடரியைப் பிடித்துக்கொண்டு, "இழு மனே, மூள வரைக்கும் இழு! இப்ப மூக்கப் பொத்திச் சீறு!" என்றார்.

"மாமா, காதுக்குள்ள குத்துது."

"அதுதான் சக்தி ஏறுற."

அவர் மட்டும் வீட்டிலேயே சுடுதண்ணீரில் வுழூச் செய்துவிட்டு வந்திருந்தார். பச்சைத் தண்ணீர் பட்டால் சளித் தடிமன் பிடிக்குமாம்.

செவ்வாய்க்கிழமை காலை தலையணையில், இடது காதிலிருந்து வடிந்த சீழும் இரத்தமும் கிடந்தன. பிறகு எத்தனையோ வருடம் அந்தக் காது ஒழுகியது. வளர வளர மூக்கு தானாகவே வற்றியது. தன் வைத்தியம் பலித்ததென்று மாமா மௌத்தாகிக் கண்மூடும்வரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இப்போது ஹவுள் இல்லை, வரிசையாகக் குழாய்கள். அந்த அறிவு மட்டும் அழியவில்லை. "நாங்க சேத்துல வளந்த ஆக்கள், எங்களுக்கு என்ன நோய் வருத்தம் வந்த?" என்று என் வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளிடம் மார்தட்டுகிறார்கள். வந்த வருத்தத்துக்கு நான் கொடுத்தது இடது காது, முழுதாக.