படக்கதையில் வந்த என் மகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயம் ஒன்றைச் சீர்செய்து மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து வேனில் வருகிறவர்களும் வெள்ளைக்காரர்களும்தான் பார்ப்பார்கள். நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை. "நம்ம வீட்டு அம்மிக்கல்லத்தான் அங்கயும் வச்சிருக்காங்க. அதப் பாக்க செருப்பு வேற கழட்டணுமா?" என்பாள் என் நாத்தனார்.

தோட்டத்து ஆட்களும் வரவேண்டும் என்று மியூசியக்காரர்கள் படம் வரைகிற ஒரு பொம்பளைப் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். அங்கே வைக்கிற சாமான்களின் கதையை எங்களிடமே கேட்டு, சின்னப் படக்கதைப் புத்தகமாகப் போட்டு, கடையிலும் கோயிலிலும் சும்மா கொடுப்பதாக ஏற்பாடு. எங்கள் வீட்டுக்கும் அந்தப் பிள்ளை வந்தது. நான் என் மகளின் கூடையை எடுத்துக் கொடுத்தேன்.

மகள் ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவள் அடம்பிடித்ததற்காக அவள் அப்பா பின்னிக் கொடுத்த சின்னக் கொழுந்துக் கூடை அது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு என் பின்னால் மலைக்கு வருவாள். ஒரு நாள், எங்களை வேலை வாங்குகிற கங்காணி அந்தக் கூடையையும் தராசில் மாட்டி, முழு நாள் வேலை செய்தவளுக்குச் சம்பளக் கணக்கில் போடுகிற மாதிரி, "இவளுக்கும் ஒரு பேர் போட்டுருவோம்" என்றார். அதை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவளுடைய போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஹட்டனில் ஸ்டூடியோவில் பிடித்தது. சாமித் தட்டில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். போன மழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தபோது, சுவரோடு அதுவும் போய்விட்டது. அடுப்படியில் தொங்கிய கூடை மட்டும் தப்பியது. எங்களை உயிரோடு விட்டாளே, அதற்கு மேல் அம்மனிடம் கேட்கக் கூடாது என்று இருந்தேன்.

முகம் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளை கேட்டது. உருண்டை முகம், அப்பா மூக்கு, ரெட்டைச் சடை என்றேன். பென்சிலால் வரைந்து காட்டியது. அவள் இல்லை. எது இல்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அழித்து அழித்து வரைந்தது. நாலாவது தடவை வரைந்தபோது வெளியே மழை இருட்டிவிட்டது. அது றொசல்லை ஸ்டேஷனுக்குப் போய் ரயிலைப் பிடிக்க வேண்டும். படித்த பிள்ளை, நமக்காக இவ்வளவு மெனக்கெடுகிறதே என்று கூச்சமாக இருந்தது.

"அப்படியே இருக்குங்க மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

புத்தகம் வந்தது. கங்காணி பேர் போட்ட பக்கத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நெற்றித் திருநீறோடு சனம் நேராக மியூசியத்துக்குப் போனது. புத்தகக் கட்டை வாங்கி வைத்த டவுன் கடைக்கார முஸ்லிம் நானாவும் குடும்பத்தோடு வந்து கூடையைப் பார்த்துவிட்டுப் போனார். என் நாத்தனார் இரண்டு தடவை போனாள். செருப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"நம்ம புள்ளதாங்க."

"நெத்தி இப்படியா இருந்துச்சு?"

"வேற எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

கையைத் தன் நெற்றிவரை கொண்டுபோனார். அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வெளியே போய் விறகு பிளந்தார்.

இன்னும் கொஞ்சம் புத்தகம் அடிக்கப் போவதாகச் சொல்ல அந்தப் பிள்ளை திரும்ப வந்தது. நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அது கோபப்படவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்து, "சொல்லுங்கம்மா, இப்பவே மாத்திருவோம்" என்றது.

கண்ணை மூடிப் பார்த்தேன். புத்தகத்துப் பிள்ளைதான் வந்து நின்றாள். அந்த நெற்றி, அந்தச் சிரிப்பு. என் பிள்ளையைத் தேடித் தேடிப் பார்த்தேன், அவள் முகம் வரவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கும்பிட்டது அந்த போட்டோவைத்தான், அவளை அல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

"இருக்கட்டுங்க மிஸ். அதையே போடுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது இப்போது அம்மனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் செத்து அங்கே வந்து சேருகிற அன்றைக்கு அவளே வந்து என்னைக் கூப்பிடட்டும். எனக்கு அவளை அடையாளம் தெரியாது.