தலைவரின் நீராவிக் குளியல் கதவை உடைத்த கதை

நான் யாகோதா, லூப்ளின் ஊர்க்காரி. வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள எங்கள் போலந்து ஆய்வு நிலையத்தில் பனியாற்றை அளப்பது என் வேலை. பனியில் நட்ட கம்பங்கள் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று டேப் பிடித்துக் குறித்துக்கொள்வேன். இதற்காகத்தான் பதினோரு வருடம் படித்தேன். அம்மாவிடம் இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

அந்த ஏப்ரலில் ஒருநாள் ஏழாவது கம்பத்தை அளந்துவிட்டுத் திரும்புகையில் மேகம் அப்படியே தரைக்கு இறங்கிவிட்டது. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. கூட வந்தவன் மெக்கானிக் ஸெவெரின். கரடி வந்தால் சுட அவன் தோளில் துப்பாக்கி. வழிகாட்டும் கருவியை வெளிப்பையில் வைத்திருந்தேன். குளிரில் பேட்டரி செத்துப்போயிருந்தது. அதை உள்பையில்தான் வைக்க வேண்டும் என்று புதியவர்களுக்கு வகுப்பெடுப்பவளும் நானே.

"ரேடியோல சொல்லிட்டு இங்கயே உக்காந்துருவோம், டாக்டர்."

"எதுக்கு? இந்தப் பனியாறு எனக்கு அத்துப்படி. கண்ணக் கட்டி விட்டாலும் போயிருவேன்."

"இப்ப கட்டித்தான் விட்டிருக்கு."

நடந்தோம். "இந்தப் பக்கம் பனி வெடிப்பே கிடையாது" என்று நான் சொல்லிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, இடுப்புவரை பனிக்குள் இறங்கிவிட்டேன். கீழே கால் எதிலும் படவில்லை. எங்கள் இருவர் இடுப்பையும் பிணைத்திருந்த கயிற்றைப் பிடித்து ஸெவெரின் இழுத்து வெளியே போட்டான். ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது.

மூன்று மணி நேரம் கழித்து மூட்டத்துக்குள் ஒரு மரக்குடில் தெரிந்தது. கூரையில் புகை.

"பழைய வேட்டைக்காரங்க குடில்," என்றேன். "தெற்குக் கரைக்கு வந்துட்டோம். உள்ள யாரோ நார்வேக்காரன் இருக்கான்."

எனக்குத் தெரிந்த நார்வே மொழியில் கத்திக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. கதவு உறைந்து ஒட்டியிருந்தது. இடுக்கில் பனிக்கோடரியைக் கொடுத்து நெம்பினேன். கீலோடு கையில் வந்துவிட்டது.

உள்ளே ஆவிக்கு நடுவில், இடுப்பில் துண்டோடு, எங்கள் நிலையத் தலைவர் வித்தோல்ட் உட்கார்ந்திருந்தார். அது எங்கள் நீராவிக் குளியல் குடில்; நிலையம் அங்கிருந்து நாற்பதடி.

அவர் என்னைப் பார்த்தார். கோடரியைப் பார்த்தார்.

"அந்த நார்வேக்காரன் நீங்கதானா? சமையக்காரன் வெளையாடறான்னு பேசாம இருந்துட்டேன்."

ஸெவெரின் பனியிலேயே உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை, பற்கள் கடகடவென அடித்துக்கொண்டன. அப்போதுதான் அவன் எவ்வளவு விறைத்துப்போயிருக்கிறான் என்று கவனித்தேன். வித்தோல்ட் எங்களை பூட்ஸோடு உள்ளே இழுத்து அடுப்போரம் உட்காரவைத்தார்.

"ரேடியோ என்னாச்சு?"

"நான்தான் கூப்பிட வேணாம்னேன்," என்றான் ஸெவெரின்.

"பொய்," என்றேன். "அவன் கூப்பிடலாம்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல."

அன்று நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஒரு மாதம் பனியாற்றில் நான் முன்னால் நடக்கக் கூடாது என்று தீர்ப்பு. கதவையும் நானே மாட்ட வேண்டும். மாட்டினேன், சற்றே கோணலாக. குளிக்க வருகிறவர்கள் முதுகில் குளிர் பட்டதும் என் முனைவர் பட்டத்தைத் திட்டுகிறார்கள்.

மே மாதம் மறுபடி கம்பம் அளக்கப் போனோம். ஸெவெரின் முன்னால் நின்று கேட்டான்: "எந்தப் பக்கம், டாக்டர்?"

யோசித்து, இடது பக்கம் கை காட்டினேன்.

"ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டு வலது பக்கம் திரும்பி நடந்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.