குளோசெட்டுக்குள் மூன்று கேள்விகள்

கல்யாணமாகி அமெரிக்காவில் ஃப்ரீமான்ட்டுக்கு வந்த இரண்டாவது வருடம், ஊருக்கு ஒருவழி டிக்கெட் எடுத்துத் தரச்சொல்லி என் கணவரிடம் கேட்டேன். தொண்ணூற்றெட்டில் நடந்தது இது. கோவையில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்தியவள் நான். இங்கே என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. இவரோ காலையில் ஃப்ரீவேயில் ஏறினால் இருட்டித்தான் திரும்புவார். திரும்பினாலும் வாயைத் திறக்க மாட்டார். சுவரோடு குடித்தனம் நடத்த எனக்கென்ன தலையெழுத்து?

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் ஒரு கவுன்சலரைப் பார்க்கலாம் என்றார். ஆபீஸ் இன்ஷூரன்ஸில் ஆறு தடவை போகலாமாம். போனோம். அழுகை வந்தால் எனக்கு ஆங்கிலம் வராது. அதனால் அவரைப் பற்றிய என் புகார்களை அவரே மொழிபெயர்த்தார்.

"கம்ப்யூட்டர்கிட்ட பேசுறதுல பாதிகூட என்கிட்ட பேசுறதில்லன்னு சொல்லுங்க" என்பேன். ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்வார் அந்த மனிதர்.

"உன் பர்த்டேவ மறந்துட்டேனே, அதையும் ஆட் பண்ணிடவா?" என்று வேறு கேட்பார்.

கவுன்சலர் நல்ல அம்மாள். ஒவ்வொன்றுக்கும், "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்பார். இரண்டு வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. டிஷ்யூ பெட்டியைக் காலி செய்துவிட்டு லேசான மனதோடு வெளியே வருவேன். ஆனால் வாரத்துக்கு வாரம் இவர்மேல் எனக்கிருந்த குறை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. நாலாவது வாரம் டிக்கெட் பேச்சை மறுபடி எடுத்தேன்.

கீழ்வீட்டில் ஒரு ஜப்பானியப் பெண்மணி இருந்தார். லாண்டரி அறைப் பழக்கம். தன் ஊரில் ஒருமுறை மனம் கசந்து கிடந்தபோது, ஒரு வாரம் அறை மூலையில், தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்தார்களாம். அந்தப் பயிற்சிக்கு நைகான் என்று பெயராம். ஒருவரை நினைத்துக்கொண்டு மூன்றே கேள்விகள். அவரிடமிருந்து நான் பெற்றது என்ன, அவருக்கு நான் செய்தது என்ன, அவருக்கு நான் கொடுத்த தொல்லை என்ன.

என் கணவர் எனக்குக் கொடுத்த தொல்லை எங்கே போயிற்று என்று கேட்டேன். அதை யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லையே என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுதவளையே கூண்டில் ஏற்றுவதா?

ஆனாலும் அந்தச் சனிக்கிழமை காலை, படுக்கையறையில் துணி மாட்டும் குளோசெட்டுக்குள் நுழைந்து, என் கணவரின் சட்டைகளுக்குக் கீழே சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதல் கேள்விக்கு விடைகள் வந்துகொண்டே இருந்தன. எனக்கு முருங்கைக்காய் வேண்டுமென்று மௌரி அவென்யூவில் கடை கடையாக ஏறி இறங்கியது. நான் காரை வேலியில் இடித்தபோதும் கத்தாதது. தன்னைத் திட்டியதைத் தானே மொழிபெயர்த்தது. மூன்றாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு மாதமாக, சாப்பிட்டீர்களா என்றுகூட நான் அவரைக் கேட்கவில்லை. ஒன்று சொல்லியாக வேண்டும்: நாலு வாரம் வாய்விட்டுப் பேசித் தீர்க்காமல் இருந்திருந்தால், சுவரைப் பார்த்து உட்காரும் பொறுமை எனக்கு வந்திருக்காது.

கதவைத் திறந்தவர், "உள்ள என்ன பண்ற?" என்று திகைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சரி, எந்திரி. நானும் ட்ரை பண்றேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அரைமணி நேரம் கழித்து வந்தார். மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் அவரிடம் பதில் இருந்தது.

"நீ பாத்ரூம்ல குழாயத் திறந்து விட்டுட்டு அழுவல்ல, அது எனக்குத் தெரியும். என்ன பேசுறதுன்னு தெரியாம டிவி சவுண்ட ஏத்தி வச்சிட்டு உக்காந்திருப்பேன்."

கவுன்சலரிடம்கூட நான் சொல்லாத விஷயம் அது. முதலில் கோபம்தான் வந்தது. தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறாரே என்று, கைக்குக் கிடைத்த சட்டையை அவர்மேல் வீசினேன். அதை எடுத்து மடித்தபடியே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிக்கெட் பேச்சு அன்றோடு நின்றது. அன்றைக்குத்தான் முதன்முறையாக வீட்டில், குழாயைத் திறந்துவிடாமல், அவர் காதுபட அழுதேன்.