பால்காரரை முந்திய கதை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவடியில் நான் ஃபிட்டராக இருந்த பாதுகாப்புத் தொழிற்சாலையில் திடீரென்று ஒரு புதுப் போட்டி முளைத்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டுமாம். எங்களுக்கு மூன்றும் தனித்தனியாகவே தகராறு. ஆனால் அணியில் இடம் பிடிப்பவருக்குக் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டில் முன்னுரிமை என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துக் காட்டியதும் என் மனைவி அன்றே சாமான் கட்டாத குறை. கள்ளிக்குப்பத்தில் நாங்கள் இருந்தது ஒண்டுக்குடித்தனம். குழந்தை அழுதால்கூட மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா, "இன்னா சத்தம் அங்க?" என்பார். என் மனைவி அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தே பல மாதம் ஆகியிருந்தது.

எங்கள் விளையாட்டு மன்றச் செயலாளர் பெங்களூர் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவர். சைக்கிளுக்கென்று ஓர் அட்டவணை தட்டச்சு செய்து கொடுத்தார். வாரத்தில் இரண்டு நாள் உயிரை விட்டு மிதிக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற அளவுக்கு மெதுவாக. "மெதுவா போற நாள்லதான் காலு தேறும். அதைக் கெடுத்தீங்கன்னா வேகமா போற நாளும் கெட்டுடும்" என்றார். தலையை நன்றாக ஆட்டினேன். தலையாட்டுவதில் மட்டும் எனக்கு அப்போதே நல்ல பயிற்சி இருந்தது.

மெதுவான நாட்களுக்கு, வேலைக்குப் போகிற சைக்கிள் பயணமே போதும் என்று முடிவு செய்தேன். அங்கேதான் வந்தது வினை. காலையில் ஆவடி போகிற பெரிய சாலையில் டியூட்டிக்காரர்களின் சைக்கிள்கள் சாரிசாரியாகப் போகும். சங்கு ஊத எவ்வளவு நேரம் இருந்தாலும் ஒருவரும் மெதுவாகப் போக மாட்டார். தன்னை முந்தியவனைத் திரும்ப முந்தாதவன் அன்று கேண்டீனில் தலைகாட்ட முடியாது. முதல் திங்கட்கிழமை அட்டவணைப்படி அன்னநடை போட்டேன். எங்கள் தொழிற்சாலைப் பெயிண்ட் ஷாப்காரர் ஒருவர், அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போகிறவர், கேரியரில் சாப்பாட்டுப் பையோடு என்னைத் தாண்டினார். தாண்டியவர் சும்மா போயிருக்கலாம். "இன்னா மாமே, பொண்ணு பாக்கப் போறியா?" என்றார்.

அட்டவணை அங்கேயே செத்தது. கேட் வரை அவரைத் துரத்தினேன். மறுநாள் வேகமாகப் போக வேண்டிய நாள், கால் வரவில்லை. வாரம் முழுக்க இதே லட்சணம்தான், மெதுவும் இல்லை, வேகமும் இல்லை. இதற்குக் கடும் பயிற்சி என்று பெயர் வைத்து, வீட்டில் தினமும் இரண்டு முட்டை வேறு கேட்டு வாங்கித் தின்றேன். அட்டவணையை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே ஆள் ஸ்டோர்ஸ் கிளார்க். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் குசலம் விசாரித்துக்கொண்டு ஆடி அசைந்து போவார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

தேர்வுப் போட்டி ஒரு ஞாயிறு காலை. அணியில் மிச்சமிருந்தது ஒரே இடம். நீச்சலில் முதலில் கரையேறியது நான். சைக்கிளிலும் பாதி தூரம் வரை நான்தான் முன்னால். பருத்திப்பட்டு ஏரி அருகே திரும்ப வேண்டும், அங்கே கொடியோடு ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். திருப்பத்துக்குச் சற்று முன்னால், இருபுறமும் கேன் தொங்க, ஒரு பால்காரர் மணியடித்துக்கொண்டே என்னைத் தாண்டினார். அவர் போட்டியிலேயே இல்லை. போட்டி நடப்பதும் அவருக்குத் தெரியாது. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். கால் கேட்டால்தானே!

கொடிக்காரர் கத்தியது காதில் விழுந்தது. உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். திருப்பத்தைத் தாண்டிப் பூந்தமல்லி சாலையில் வெகுதூரம் போய் ஒருவழியாகப் பால்காரரை முந்தினேன். முந்திய இடத்திலேயே தொடை பிடித்துக்கொண்டது. சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் நிதானமாக வந்து நிறுத்தினார்.

"இன்னா நைனா, பாலு வேணுமா? கொரல் குடுத்திருந்தா நின்னுருப்பேனே."

ஸ்டோர்ஸ் கிளார்க் தேர்வானார். அந்த மனுஷனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை என்றார்கள். வயிறு எரிந்தது. அதைவிட, வீட்டுக்குப் போகத்தான் பயமாக இருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பால்காரரை முந்திட்டீங்களா?"

"முந்திட்டேன்."

"அப்ப அவராண்டயே போய்க் கேளுங்க, ஊடு எதனா காலியா கீதான்னு."